ஏழில் ஒருவன்

"எழுந்திருடா நடிகா! எழுந்து போய் ஆடு!"

ஏரிக்கரைப் பனியில் காலை நீட்டிக் கிடந்த எதிரணிக் கிம்பாலின் சட்டையைப் பிடித்து உலுக்கினான் ஹேல்.

அந்த நாளில் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் மாற்று ஆள் கிடையாது. ஏழு பேர் ஆடும் ஓர் அணியில் ஒருவன் அடிபட்டு விலகினால், மற்ற அணியிலும் ஒருவன் விலக வேண்டும். கிம்பாலுக்கு ஈடாக வெளியே அனுப்பப்பட்டவன், சீசனில் பதினோரு கோல் போட்ட ஹேல்.

"கடைசி மேட்ச்டா! இதை ஜெயிச்சுக் கொடுத்தா, நாளைக்குக் கேப்டன் தேர்தல்ல இப்ப இருக்கற கேப்டனுக்கு ஒரு ஓட்டுக்கூட விழாது, எல்லா ஓட்டும் எனக்குத்தான். கெடுத்துட்டியே பாவி!"

"முட்டி விலகிடுச்சு. நீயே பாரு."

பார்த்தான். முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஹேலின் கோபம் இடம் மாறியது.

"அப்ப அந்த ரெஃப்ரியை உதைக்கணும். ஏழு பேர்ல என்னைப் பார்த்தா பொறுக்குவான்?"

"ரெஃப்ரியா? யார் சொன்னது?"

"எங்க கேப்டன் வின்ஸ்லோ."

அத்தனை வலியிலும் கிம்பாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் அவங்க காலடியிலதான்பா கிடந்தேன். 'யாரை அனுப்பறே?'ன்னுதான் ரெஃப்ரி கேட்டார். அவர் கேட்டு முடிக்கறதுக்குள்ள உன் பேரைச் சொன்னவன் வின்ஸ்லோ!"