தமிழரசு சாப்பிடாமல் போன சோறு

இடுப்பிலிருந்த இன்சுலின் பம்ப்பில் சோற்றின் அளவைப் போட்டுவிட்டுத் தமிழரசு தட்டின்முன் உட்கார்ந்தான். லோடு வண்டி வந்துவிட்டதென்று ஆள் வந்து சொன்னதும், கை வைக்காமலே எழுந்து தறிப்பட்டறைக்குப் போனான். ஏற்றிய இன்சுலினைப் பம்ப்பால் திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை இறங்கி, அங்கேயே விழுந்து செத்துப்போனான். சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பும், கையில் ஒட்டியிருந்த சென்சாரும் அவனோடு எரிந்தது. மனைவி நர்மதாவின் போனில் மட்டும் அவனுடைய சர்க்கரை முப்பத்தொன்றிலேயே நின்றது.

கருமாதியன்று படையல் வைத்து, அவன் வந்து சாப்பிடட்டுமென்று கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்ற நர்மதா போனைப் பார்த்தாள். நாற்பது. சற்று நேரத்தில் ஐம்பத்தெட்டு.

"கதவத் தொறந்துரலாமுங்களா அண்ணி? பசியில சனம் என்னையே தின்னுரும்" என்றான் கொழுந்தன்.

அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. உங்கண்ணன் இன்னும் சாப்பிட்டு முடிக்கலை."