எதிர் மலை

ஏழு மலைகளையும் ஒரே வருடத்தில் ஏறிவிடுவதாகத் தோழிகள் மூவரும் ஊராரிடம் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஒருத்தி உச்சியைத் தொடாவிட்டாலும் மூவருக்கும் தோல்வி. ஆறு முடிந்து, வருடத்தின் கடைசி நாளில் ஏழாவது மலையடியில் நின்றபோது, வழக்கம்போலப் பிலோமியை முன்னால் விட்டார்கள். மூச்சு வாங்குகிறவள் முன்னால் நடந்தால்தான் யாரும் பின்தங்குவதில்லை. "ஏட்டி, ஆமைகூட ஏறி எறங்கியே வந்திருக்கும்!" என்று வேலுத்தாய் பின்னாலிருந்து விரட்டினாள். தன்னால் தோற்றதாக ஆகிவிடக் கூடாது என்று பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். பாதை பிரியும் இடத்தில் மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் மறைத்தது. பாறையைத் தடவி, பிடி கிடைத்த இடத்தில் காலை வைத்தாள். அவள் வைத்த இடத்திலேயே மற்ற இருவரும் வைத்தார்கள். தடவுவதற்கு மேலே பாறை இல்லாமல் போனபோது உச்சி வந்திருந்தது. மூவரும் கட்டிக்கொண்டு கூவினார்கள். அப்போது பனி விலகியது. ஏழாவது மலை எதிரே நின்றது, உச்சியில் கொடிக்கம்பமும் அதைச் சுற்றிக் கூட்டமுமாக. "பாவி, வேற மலைல ஏத்திட்டியேட்டி!" என்று வேலுத்தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நசீமா கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குரங்குகூட ஏறாது என்று ஊரார் சொல்லும் செங்குத்துப் பாறை அது. "இதுல எப்படிட்டி ஏறுனோம்?" என்று கேட்டாள் நசீமா. "என் பின்னாலதான வந்தீங்க," என்றாள் பிலோமி. பள்ளத்தாக்கைத் தாண்டி விசில் சத்தம் வந்தது. எதிர் மலையில் துண்டுகள் சுழன்றன. அங்கே இருந்த அத்தனை பேரும் கொடிக்கம்பத்துக்கு முதுகைக் காட்டி, இந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள்.