தேர்ப் பக்கம்

தேரைப் பார்க்க இத்தனை பேர் வருவார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

தேரோட்டம் முடிந்து மாதக்கணக்காகிறது. தேர் தகரக் கொட்டகைக்குள் சும்மா கிடக்கிறது. ஆனாலும் மன்றத்தின் இணையதளத்தில் தேர்ப் பக்கத்துக்குத்தான் கூட்டம்.

வந்தவர்கள் நிற்கவும் இல்லை. படங்களைக் கண்டதும் போய்விடுகிறார்கள்.

சுகந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போயிருந்தது.

ரத வீதி நற்பணி மன்றத்தின் பழைய தளத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். கட்டியது ஒரு வேலை என்றால் கட்டிய பிறகு வந்தது ஒன்பது வேலை. தேடுபொறிக்குப் புதுத் தளம் பிறந்த சேதியே எட்டவில்லை. யார் எதைத் தேடினாலும் பழைய முகவரியையே நீட்டியது. தட்டினால், பக்கம் இல்லை என்று வந்தது.

அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி சுருக்கமாக ஒரு வழி சொன்னார்.

"மொத்தத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளி விட்டுரும்மா. எவன் பாக்கப் போறான்?"

அவளுக்கு மனம் வரவில்லை. அப்படித் தள்ளிவிட்டால் அது ஒரு வேலையா?

பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்தோடு தானே உட்கார்ந்து இணைத்தாள். அன்னதானத்தை அன்னதானத்துக்கு. கண் முகாமைக் கண் முகாமுக்கு. பழைய பக்கங்கள் அழிந்துவிட்டன. முகவரியில் இருந்த பெயரை வைத்துத்தான் எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றின் பெயர் ratham.

ரத வீதி மன்றம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தேர்ப் பக்கத்தோடு இணைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

அது போன வாரம்.

இப்போது, வந்தவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்ற அறிக்கையைத் திறந்தாள். அது எப்போதும் இரண்டு நாள் பிந்தித்தான் வரும்.

திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ். வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

ரத்தம் வேணும்.

ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்.

பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம்.

ஓ நெகட்டிவ் ரத்தம் யாராவது.

அதற்குப் பிறகு அந்தத் தேடல் இல்லை.

ஆங்கில எழுத்தில் ரதமும் ரத்தமும் ஒன்றுதான்.

பிரசவ அறை வாசலில் போனை வைத்துக்கொண்டு நின்ற யாருக்கோ அவள் தேரைக் காட்டியிருக்கிறாள். வடம் பிடிக்கிற படம், பொரிகடலைக் கடைப் படம் எல்லாம் காட்டியிருக்கிறாள்.

ரத்தம் கொடுப்பவர்களின் பக்கம் புதிய தளத்திலும் இருக்கத்தான் செய்கிறது. பெயர், ரத்தப் பிரிவு, கூப்பிட மன்றத்தின் போன் நம்பர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ரத்தம் வடசொல் என்று செயலாளர் ஆவுடையப்பன் சார் ஒரே பிடியாக நின்றார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் குருதிக்கொடை என்று பெயர் வைத்தாள். அந்தச் சொல்லைத் தேடி ஒரு ஈ காக்கை வரவில்லை.

முதலாளி சொன்னதையே கேட்டிருக்கலாம். முகப்பில் மன்றத்தின் போன் நம்பராவது பெரிதாக இருக்கிறது.

பொறுப்பாகச் செய்ததுதான் வினையாகிப் போனது.

இணைப்பை மாற்றினாள். ஒரே ஒரு வரி. பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தாள். தேர் போய்ப் பெயர்கள் வந்தன.

இவ்வளவுதான் வேலை. இதைப் போன வாரமே செய்திருக்கலாம் என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

ஆவுடையப்பன் சாருக்குப் போன் போட்டாள். ரத்தம் கேட்டு மன்றத்துக்கு வருகிற அழைப்பெல்லாம் அவருக்குத்தான் போகும். தளம் கைவிட்டால் என்ன, அக்கம்பக்கத்தில் விசாரித்து அவர் நம்பரைப் பிடித்திருக்க மாட்டார்களா? பிடித்திருக்க வேண்டும். ஒருத்தராவது பிடித்திருக்க வேண்டும்.

"சார், இந்த வாரம் ஓ நெகட்டிவ் கேட்டு யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

மறுமுனையில் அவர் நிறைவாகச் சிரித்தார்.

"ஒரு போன்கூட வரலைம்மா. எப்பவும் நாலு பேராவது கூப்பிட்டுருவாங்க. இந்த வாரம் ஊர்ல ஒருத்தருக்கும் ரத்தம் தேவைப்படல பாத்துக்கோ. நல்ல காரியந்தான?"