மேர் வீட்டுப் பலகைத் தரை

டக், டக், டக் என்று தலைக்கு மேலே பூட்ஸ் நடந்தது. ஒவ்வோர் அடிக்கும் உத்தரத்துத் தூசி உதிர்ந்து, கீழே கட்டிலில் படுத்திருந்த சம்மந்தத்தின் மேல் விழுந்தது.

"கேட்டியா ஆசாரி? என் தேக்குப் பலகை மேல குதிரை கணக்கா நடக்குறான் பாரு! டேய் தங்கவேலு, கழட்டுடா பூட்ஸ!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். பூட்ஸ் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நடந்தது.

மாரிமுத்து ஆசாரி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பாகூர்ப் பக்கம் மேராக, அதாவது ஊர்த் தலைவராக, இருந்தவர் சம்மந்தம். கொடி மாறி மூன்று வருடம் ஆகிறது. பதவி வெள்ளைக்காரனோடு கப்பலேறிவிட்டது. 'மேர் ஐயா' என்கிற பட்டம் மட்டும் கப்பலைத் தவறவிட்டு இங்கேயே தங்கிவிட்டது.

புதுச்சேரியில் கவர்னர் மாளிகை விருந்துக்கு ஒரே ஒருமுறை போனவர், அங்கே கண்ட பலகைத் தரையைத் தன் மாடியிலும் போட்டார். அங்கே அது பூட்ஸோடு நடப்பதற்கு. இங்கே யாரும் நடக்காமல் இருப்பதற்கு. சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, வாரம் ஒருநாள் மெழுகு தேய்க்க வேண்டும், படிக்கட்டின் அடியில் 'காலணியைக் கழற்றவும்' என்று இரண்டு பாஷையில் அறிவிப்பு. பார்க்க வந்த துரை ஒருவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் எட்டிப்பார்க்கும் காலுறையோடு மாடி ஏறியதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

"அஞ்சு வயசுல சேத்துக் காலோட ஏறுனான்னு புளிய விளாறால வெளுத்தேன் ஆசாரி. அன்னியிலேர்ந்து மேல ஒரு செருப்பு போனதில்ல. இப்ப அல்ஜேரியாவுல சண்டை போட்டுட்டு வந்துட்டாராம், பெரிய தளபதி!"

"நீங்க கூப்புட்டுச் சொல்லக் கூடாதுங்களா?"

"இன்னாத்த சொல்றது? பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்குப் போவாதடான்னேன், போனான். பேச்சு நின்னு ரெண்டு வருசம். வந்து ஒரு மாசம் ஆவுது, கீழ எறங்கி அப்பான்னு ஒரு வார்த்த இல்ல. எனக்குக் கால் வெளங்குனா ஏறிப்போயி ஒதைப்பேன். நீ போயி, பலகைய எவ்ளோ நாசம் பண்ணியிருக்கான்னு பாத்துட்டு வா."

மாரிமுத்து செருப்பை அறிவிப்பின் கீழ் விட்டுவிட்டுப் படியேறினார். கோபக்காரப் பட்டாளத்துக்காரனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தொண்டையைக் கனைத்தபடி கதவைத் தள்ளினார்.

உள்ளே தங்கவேல் இல்லை. அவன் மனைவி தனக்கொடி, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, கிழிசல் துணி அடைத்த ராணுவ பூட்ஸில் நின்றிருந்தாள்.

"கதவச் சாத்துங்கண்ணே," என்றாள், மூச்சு மட்டும் வெளிவரும் குரலில். "அவரு இல்ல. சண்டையில அங்கயே போயிட்டாரு."

மாரிமுத்து கதவைச் சாத்தினார்.

"அவரு பெட்டிதான் வந்துது. வண்டியிலேர்ந்து எறக்குறத பாத்துட்டு, 'வந்துட்டானா?'ன்னு கேட்டாரு மாமா. வாதத்துல வுழுந்த ஒடம்பு, கெட்ட சேதி எதுவும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ஆமா மாமான்னுட்டேன். மறுநாளு, 'மேல சத்தத்தையே காணமே'ன்னாரு. வெறுங்காலுல நடந்தா கீழ கேக்காதே. பெட்டிக்குள்ள இது இருந்துது."

மாரிமுத்துவின் கண் அவள் தலையில் இருந்த மல்லிகைச் சரத்துக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இதுவும் அதுக்குத்தாண்ணே. மாமா தெனம் பூக்காரிய நிறுத்தி வாங்கிக் குடுக்குறாரு. வெச்சிக்கலன்னா தெரிஞ்சிடுமே. ஒரு நாளு வாய்வுட்டு அழுவக்கூட முடியல. அவரு கத்துறாரு, நான் நடக்குறேன்." கும்பிட்டாள். "சொல்லிடாதீங்கண்ணே. இந்த வூட்டுல எனக்கு மிச்சம் மாமா ஒருத்தருதான்."

மாரிமுத்து குனிந்து தரையைத் தடவினார். பார்க்க வந்தது கீறலை. கண்ணில் அது தெரியாதபடி நீர் மறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"இன்னா சொல்றாரு தொர?" என்றார் சம்மந்தம்.

"கழட்ட மாட்டேங்குறாருங்க." ஆசாரிக்கு மரத்தில் பழகிய கை, பொய்யில் பழக்கமில்லை. "கோடு கோடா கீறியிருக்குங்க. இழைச்சி மெழுகு போட்டா பழையபடி ஆயிடும்."

மேலே சத்தம் மறுபடி தொடங்கியது. சம்மந்தம் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இழைக்காத, வுடு." இடது கையை மட்டும் அசைத்து ஆசாரியைக் கிட்டே கூப்பிட்டார். ஊரையே அதட்டிய குரல் இப்போது கட்டில் விளிம்பைத் தாண்டவில்லை. "எங்கனா ஆணி தல தூக்கிக்கிட்டு இருக்கும். அத மட்டும் அடிச்சிட்டுப் போ. நேத்து தடுக்கி வுழுந்த சத்தம் கேட்டுது."

"பட்டாளத்து ஆளு, அவரு எங்கங்க வுழப்போறாரு?" என்று பொய்க்கு முட்டுக் கொடுத்தார் மாரிமுத்து.

சம்மந்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த பூட்ஸு அவளுக்குப் பெருசுப்பா."