ஆறாவது வீச்சு

அதைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தாலும், அம்மா என்று நினைத்திருக்கக் கூடாது.

ஓரம் உடைந்த ஒரு புளியங்கொட்டை. அறுபத்து நான்கில் ஒன்று.

கல்லூரி ஆய்வகத்தில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை. ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த கொட்டைகள்தான். ஒவ்வொன்றும் ஓர் அணு. குலுக்கிப் போட வேண்டும். வெள்ளை தெரிந்தால் அந்த அணு சிதைந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, மிஞ்சியதை எண்ணி எழுதி, மறுபடி குலுக்க வேண்டும்.

“செத்தது முப்பத்தொண்ணு,” என்றாள் எதிரே நோட்டோடு நின்ற மெர்லின். “ரெக்கார்டுல செத்ததுன்னு எழுதிராதடி. மேடம் நம்மள சாகடிச்சிருவாங்க.”

கொட்டைகளைக் குலுக்கிப் போட்டவள் சிரிக்கவில்லை. ஓரம் உடைந்ததைத் தேடினாள்.

கருப்பு.

மூச்சு வந்தது.

நேற்று டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கூப்பிட வேறு ஆள் இல்லை. அம்மா வெளியே, ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இந்த ஸ்டேஜ்ல அஞ்சு வருஷம் கழிச்சும் பாதிப் பேர் நல்லா இருக்காங்கம்மா.”

நல்ல செய்தி போலத்தான் சொன்னார்.

எந்தப் பாதி என்று அவள் கேட்கவில்லை.

மிஞ்சியவை பதினைந்து. எட்டு. ஐந்து.

ஒவ்வொரு முறையும் கண் முதலில் அங்கே போனது. ஒவ்வொரு முறையும் கருப்பு. சந்தோஷப்பட்டிருக்கலாம்.

ஆனால் அணுவுக்கு வயது கிடையாது. எத்தனை முறை தப்பியது என்று அதற்குத் தெரியாது. அடுத்த வீச்சில் அதன் வாய்ப்பு மறுபடியும் பாதிதான். எது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

போன வாரம்வரை இது இரண்டு மதிப்பெண் விடை.

ஐந்தாவது வீச்சு.

மூன்று வெள்ளை. மெர்லின் அவற்றைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். டப்பாவில் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

இரண்டு மிஞ்சின. ஓரம் உடைந்தது ஒன்று. இன்னொன்று, எந்த அடையாளமும் இல்லாதது.

எடுத்தாள். உள்ளங்கை வியர்வையில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

“ம், போடு. கிராஃபுக்கு இன்னும் ஒரு புள்ளி வேணும்.”

கை மூடியே இருந்தது.

“என்னடி, வெறும் கொட்டைதானே?”

வெளியே அடுத்த பிரிவு மாணவிகள் வந்து நின்றுவிட்டார்கள். மெர்லின் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ரெண்டாவே இருக்கட்டும்,” என்றாள், கையைத் திறக்காமலே.