புள்ளிக்குப் பின்னால்

தோள்பையை மேஜைமேல் தொப்பென்று போட்டார் அந்த அப்பா. உள்ளே சிபாரிசுக் கடிதம்தான் இருக்கும் என்று கிளார்க் முடிவே கட்டிவிட்டார். காலையிலிருந்து இப்படி எத்தனை பைகள்!

"சிபாரிசெல்லாம் இங்க எடுபடாது சார். டைவிங் குழுவுக்கு ஆள் எடுக்கறது கம்ப்யூட்டர். குதிக்கற வீடியோவைப் பார்த்து அதுவே மார்க் போடும்."

"அந்த மார்க்கைப் பத்திதான் கேக்க வந்தேன். கடைசி இடத்துக்கு நாலு பொண்ணுங்க. நாலு பேருக்கும் ஒம்போது மார்க்! அது எப்படி? சீட்டுக் குலுக்கிப் போட்டு என் பொண்ணை வெளிய தள்ளிட்டீங்களே!"

மகள் ஈரத் தலையோடு பின்னால் நின்றாள். அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிவிடும், இதுதான் கடைசி வாய்ப்பு. கிளார்க்குக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து மார்க் போட அவர் கையில் என்ன இருக்கிறது?

"போன மாசம் வரைக்கும் எட்டு புள்ளி ஏழு மூணுன்னு வரும் சார். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு மணி நேரம் ஓடி உசிரை வாங்கும். இப்ப ஏதோ பெருக்கல் பகுதியாம், அதை மட்டும் சாஃப்ட்வேர்காரங்க வெளிய வாங்கி மாட்டியிருக்காங்க. கண் மூடித் திறக்கறதுக்குள்ள மார்க் வந்துடுது. முழுசு முழுசா."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "வேகம் எங்கேருந்து வந்துச்சு? வீடியோ உள்ள போனா வெறும் எண் கட்டம் சார், மேட்ரிக்ஸ். கட்டத்தைக் கட்டத்தால கோடி தடவை பெருக்கணும். புள்ளிக்குப் பின்னால இருக்கறதை வெட்டி எறிஞ்சா பெருக்கல் பறக்கும். என் பொண்ணு அந்தப் புள்ளிக்குப் பின்னாலதான சார் இருந்தா!"

இன்டர்நெட்டில் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து பிராணனை எடுக்கிறாரே என்று கிளார்க்குக்கு எரிச்சலாக வந்தது.

"என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்?"

"அப்ப அந்தப் பெருக்கல் பகுதியை எழுதினவன்கிட்ட கத்தறேன். கூப்பிடுங்க அந்த மேதாவியை! நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்."

ஆளை விட்டால் போதும் என்றிருந்தது கிளார்க்குக்கு. கோளாறு என்றால் பெருக்கலை எழுதினவரையே கேளுங்கள் என்று சாஃப்ட்வேர்காரர்கள் ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். ரிசீவரை எடுத்து அதை அழுத்தினார்.

மறுமுனையில் மணி போனது. தோள்பைக்குள்ளும் ஒரு போன் அடித்தது.

"சே, நேரங்கெட்ட நேரத்துல ஆபீஸ் போன் வேற." அப்பா முணுமுணுத்தபடி அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஹலோ, சொல்லுங்க."

கிளார்க்கின் ரிசீவரிலும் அதே "ஹலோ, சொல்லுங்க" கேட்டது. அவர் மகளைப் பார்த்தார். பிறகு அந்த முதுகைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."