பலகையில் இல்லாத மகன்

"கடுதாசி வந்திருக்கு. பொண்ணு பொறந்திருக்காம். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களாம்."

அடுப்பை ஊதிக்கொண்டே தையல்கார அம்மாள் சொன்னார். தண்ணீர் வாளியோடு உள்ளே நுழைந்த கடிகாரக்காரர் அப்படியே நின்றுவிட்டார். வாளி சாய்ந்து காலில் தண்ணீர் கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம். உங்க மூக்காம். பாவம், பொம்பளைப் புள்ளைக்குப் போயா அந்த மூக்கு வரணும்!"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பார்வையாளர்கள் சிரித்தார்கள். அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, "என்னமா நடிக்கிறார் பாரு!" என்று ஒருவர் கைதட்டினார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய பண்ணையை அன்றிருந்தபடியே வைத்திருக்கும் அருங்காட்சியகம் அது. மாடும் கோழியும் மண்ணெண்ணெய் விளக்கும் நிஜம். வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் மட்டும் வேஷம். வெளியே கடிகாரம் பழுதுபார்ப்பவரும் துணி தைப்பவருமான அவர்கள், வாரத்தில் இரண்டு நாள் சம்பளமில்லாமல் வந்து உழைப்பவர்கள். அவர்களுக்குச் சட்டம் ஒன்றுதான்: வாசலில் ஒரே ஒரு பார்வையாளர் நின்றாலும் வீட்டுக்குள் பேச்சு நடந்துகொண்டிருக்க வேண்டும்.

கூட்டம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நகர்ந்தது. குழாயை மூடியதுபோல் பேச்சும் நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன புதுப் பொறுப்பாளர், கதவோரம் நின்று இதையும் பார்த்தாள்.

மத்தியானம் கடிகாரக்காரரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டாள்.

"நாளையிலேருந்து நீங்க மாட்டுக் கொட்டகையைப் பாத்துக்குங்க ஐயா. அந்த அம்மாவுக்கு வேற ஒருத்தரைப் புருஷனாப் போட்டுக்கறேன்."

"வேற ஒருத்தரையா!" அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?"

"இந்த வீட்டுல வாழ்ந்தவங்களுக்குப் பிள்ளையே கிடையாதுன்னு வாசல் பலகையில கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நீங்க என்னடான்னா போன வாரம் மருமகளுக்குக் கால் வீக்கம்னு பேசினீங்க. இன்னைக்குப் பேத்தியே பொறந்தாச்சு! அதுவும் நேத்து பொறந்த குழந்தைக்கு இன்னைக்குக் கடுதாசி. அந்தக் காலத்துல தபால் பறந்தா வந்துச்சு?"

"பேச்சுவாக்குல வந்துடுச்சு..."

"சரி, அது கிடக்கட்டும். கூட்டம் போயிட்டா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறதில்லை. சாப்பாடுகூட ஆளுக்கொரு மூலை. பிடிக்காத ரெண்டு பேரை ஒரே அடுப்படியில கட்டிப்போட எனக்கு மனசு வரலை."

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?" அவர் குரல் சட்டென்று உயர்ந்து, உடனே தணிந்தது. "கொட்டகையையும் நானே கழுவிடறேன். காலையில ஒரு மணி நேரம் முன்னாடியே வர்றேன். அந்த வீட்டுலேருந்து மட்டும் என்னை எடுத்துடாதீங்கம்மா."

தலை முழுக்க நரைத்த மனிதர் இப்படிக் கெஞ்சுகிறாரே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். அவர் சேர்ந்து இரண்டு வருஷம். வீட்டுக்காரி வேஷத்துக்கு ஆள் தேவை என்று போன வருஷம் நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே அந்த அம்மாள் சேர்ந்திருந்தார். ஓஹோ, கதை அப்படிப் போகிறதா? சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாளையும் வரச் சொன்னாள்.

அம்மாள் சாம்பல் ஒட்டிய கையோடு கதவருகே வந்து நின்றார். கடிகாரக்காரர் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, இவரை மாத்தலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதந்தானே?"

"அப்போ யார் வருவாங்க?"

"லைப்ரரியில இருந்தவர் ஒருத்தர் கேட்டிருக்கார்."

"ஐயோ, அவரா? அவர் பேசறது அவருக்கே கேக்காது. வேண்டாம்."

"அப்போ இவரே இருக்கட்டும்கறீங்க?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? இருந்தா இருக்கட்டும். விறகை மட்டும் கொஞ்சம் சின்னதாப் பிளக்கச் சொல்லுங்க. ஊதி ஊதி எனக்கு நெஞ்சு வலிக்குது."

"பக்கத்துலதானே உக்காந்திருக்கார்? நீங்களே சொல்லுங்களேன்."

அம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்கம்மா," என்றார் கடிகாரக்காரர், கூரையைப் பார்த்து.

பொறுப்பாளருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க ரெண்டு பேர்கிட்டயும் என்னால முடியாது சாமி! சரி, அந்த வீட்டுலயே இருங்க. ஒரே ஒரு நிபந்தனை. இனிமே மகன், மருமகள், பேத்தி, எந்தப் பேச்சும் வரக்கூடாது. பலகையில இருக்கிறபடி பிள்ளையில்லாத வீடு. மீறினா அன்னைக்கே மாத்திடுவேன்."

இருவர் முகமும் ஒரே நேரத்தில் வாடியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாள் விரலில் ஒட்டியிருந்த சாம்பலைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார்.

"பேர் என்ன வைக்கப்போறாங்கன்னுகூட நான் இன்னும் கேக்கலையேம்மா," என்றார் கடிகாரக்காரர் மெதுவாக.

"யாரு? இல்லாத பேத்திக்கா?"

"இல்லாத பேத்தி இல்லைம்மா," என்றார் தையல்கார அம்மாள். "அவளோட அப்பன் நாங்க பெத்த பிள்ளைதான். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே நானும் இவரும் பேசி நாலு வருஷமாச்சு. இங்க சொல்லலைன்னா, தான் தாத்தா ஆனது இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"